புதுக் கேமரா வாங்கி ஒரு மாதம்: படம் எல்லாம் ஃபோனை விட மோசமாக வருகிறதே?

பாளை_டீச்சர் | ஜனவரி 5, இரவு 9:40

வணக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் போன மாதம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். ஏபிஎஸ்-சி அளவு சென்சார், கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ். கடைக்காரர் ‘காம்போ’ என்று சொல்லி ட்ரைபாடு, யூவி ஃபில்டர், தோல் உறை, துடைக்கிற துணி எல்லாம் தலையில் கட்டிவிட்டார். ட்ரைபாடின் ஒரு கால் இரண்டாம் நாளே மடங்கிக்கொண்டது. அது கிடக்கட்டும்.

என் குறை இதுதான். ராத்திரி வீட்டுக்குள் பையனை எடுத்தால் (நாலு வயது, ஓரிடத்தில் உட்கார மாட்டான்) கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருக்கிறது. மாமனாரை வாசலில் வெள்ளை வேட்டியோடு நிற்க வைத்து எடுத்தேன். வேட்டி நாலு நாள் துவைக்காதது மாதிரி வந்தது. அதே இடத்தில் என் கணவர் ஃபோனில் எடுத்தது பளிச்சென்று இருக்கிறது. “இதுக்கா இம்புட்டு ரூவா?” என்று மாமியார் கேட்டுவிட்டார். அவர் கேட்டது ஒரு தடவைதான். எனக்குத்தான் தினமும் கேட்கிறது.

யூடியூபில் பார்த்து மூன்று விதி எழுதி வைத்திருக்கிறேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்ற எண்) 800ஐத் தாண்டக் கூடாது, மேனுவல் மோடில் (எல்லாவற்றையும் கையால் வைத்து) மட்டும் எடுக்க வேண்டும், ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) மட்டும் எடுக்க வேண்டும். வெளிச்ச மீட்டர் முள்ளைச் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்தித்தான் எடுக்கிறேன். பையன் படத்தின் விவரம்: 50 மிமீ, எஃப் 5.6 (லென்ஸ் வாயின் அளவு, எண் குறைந்தால் வாய் பெரிது), ஷட்டர் 1/15, ஐஎஸ்ஓ 800. டியூப்லைட் வெளிச்சம். எங்கே தப்பு?

மேனுவல்_மன்னன் | ஜனவரி 5, இரவு 10:05

எதிலும் தப்பில்லை அக்கா, வெளிச்சம்தான் பற்றாது. ஒரு ஃப்ளாஷ் வாங்கிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் ஆட்டோவுக்குப் போய்விடாதீர்கள். ஆறு மாதம் மேனுவலில் கஷ்டப்பட்டால் அப்புறம் தானாக வரும். நான் அப்படித்தான் கற்றேன்.

கோவை_35எம்எம் | ஜனவரி 5, இரவு 10:31

சீட்டுப் பணம் தீர்ந்து நிற்கிறவரிடம் ஃப்ளாஷ் வாங்கச் சொல்கிறீர்களே தம்பி!

டீச்சர், விடை நீங்கள் எழுதிய எண்ணிலேயே இருக்கிறது. 1/15. ஒரு நொடியைப் பதினைந்தாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கிறது. அதற்குள் நாலு வயதுப் பையனின் கை எங்கிருந்து எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஐஎஸ்ஓவை 6400 வரை விடுங்கள். 800லிருந்து 1600, 3200, 6400 என்று மூன்று படி, ஒவ்வொரு படியும் இரு மடங்கு. ஷட்டரும் மூன்று படி ஏறி 1/125 ஆகும். படத்தில் குருணை தெரியும். தெரியட்டும். குருணையோடு முகம் தெரிகிற படத்தை ஆல்பத்தில் ஒட்டலாம், குருணையே இல்லாத புகையை எங்கே ஒட்டுவது?

இருட்டறை | ஜனவரி 6, காலை 5:50

டீச்சருக்கு வணக்கம். நாகர்கோவிலில் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். இப்போது கடையும் இல்லை, இருட்டறையும் இல்லை. பெயருக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோவைக்காரர் பையன் கதையைச் சொல்லிவிட்டார். நான் வேட்டியைச் சொல்கிறேன்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு வேட்டி தெரியாது, எருமை தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுச்சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை ஒன்றை அந்தக் காலத்தில் நாங்களே கையில் வைத்திருப்போம். அந்தக் கணக்குதான். ஃப்ரேம் முழுக்க வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் இருந்தால், “அடடா, வெளிச்சம் அதிகம்” என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும். கரும்பாறைச் சிற்பத்தைக் காட்டினால் கூட்டிவிடும், கறுப்பு வெளிறும். அதனால் வெள்ளையை எடுக்கும்போது நாமாக ஒரு படி கூட்ட வேண்டும், கறுப்பை எடுக்கும்போது ஒரு படி குறைக்க வேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கும். நாளைக் காலை மாமனாரை மறுபடி நிறுத்தி, ப்ளஸ் ஒன்று வைத்து எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தித்தான் எடுக்கிறேன் என்கிறீர்கள். அப்படியானால் முடிவெடுத்தது மீட்டர்தானே? ஆட்டோ ஒரு நொடியில் செய்கிற வேலையை நீங்கள் கையால் மெதுவாகச் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். முள் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் மேனுவலுக்கு அர்த்தம்.

மேனுவல்_மன்னன் | ஜனவரி 6, காலை 8:15

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். கார் ஓட்டக் கற்கும்போது கியர் வண்டியில் கற்றவன் எதையும் ஓட்டுவான். ஆட்டோவில் ஆரம்பித்தவர்கள் ஆட்டோவிலேயே நின்றுவிடுகிறார்கள். என் நண்பர்களிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், கேமரா இப்போது பீரோவில் தூங்குகிறது.

கோவை_35எம்எம் | ஜனவரி 6, காலை 8:40

பீரோவில் தூங்குகிற கேமராக்களில் பாதி, மேனுவலில் பையனின் பிறந்தநாள் கேக் வெட்டுவதைக் கோட்டை விட்டவர்களுடையது தம்பி. முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. வீட்டில் அசைகிற ஆட்களை எடுக்க ஷட்டர் முன்னுரிமை மோடு. ஷட்டரை மட்டும் நாம் வைக்கிறோம், ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்ச வரம்பு 6400. கோயில் மண்டபம், மரம், இட்லித் தட்டு மாதிரி அசையாத சமாச்சாரத்துக்கு அப்பர்ச்சர் முன்னுரிமை, அதில் லென்ஸின் வாய் அளவை (எஃப் எண்ணை) மட்டும் நாம் வைக்கிறோம். இரண்டிலும் ப்ளஸ்-மைனஸ் பொத்தான் வேலை செய்யும், ஐயா சொன்ன வேட்டிக் கணக்கை அதில் போட்டுக்கொள்ளலாம்.

நேற்று நான் 1/125 என்று சொன்னதில் ஒரு திருத்தம். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல எல்இடி பல்புகளும் பழைய சோக்கு வைத்த டியூப்லைட்டும் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சைலண்ட் ஷட்டரில் (சத்தம் வராத மின்னணு ஷட்டர்) எடுத்தால் படத்தில் குறுக்காகப் பட்டை பட்டையாக நிழல் விழும். 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பாளை_டீச்சர் | ஜனவரி 7, இரவு 8:20

வேட்டி வெளுத்துவிட்டது! ப்ளஸ் ஒன்று வைத்தேன், சுவரும் சுவர் மாதிரியே இருக்கிறது. மாமனார் தன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கப் பார்த்தார். அது கேமரா ஸ்க்ரீன், அந்த வசதியை இன்னும் போட்டுவைக்கவில்லை. “கெட்டுப் போச்சோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பையன் படம் 1/100, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 5000. கை கையாக இருக்கிறது. குருணையும் இருக்கிறது, கன்னத்தில் ரவை தூவின மாதிரி. ஆனாலும் ஃபோன் படம்தான் இன்னும் பளபளவென்று தெரிகிறது. ஃபோனில் இருப்பது கடுகளவு சென்சார், என்னுடையது எவ்வளவோ பெரிது என்றுதானே விற்றார்கள்?

கோவை_35எம்எம் | ஜனவரி 7, இரவு 9:10

இரண்டு காரணம்.

ஒன்று, ஃபோன் எடுப்பது ஒரு படம் இல்லை. நீங்கள் ஒரு தடவை தொட்டால் அது பல ஃப்ரேம் எடுத்து, அசைந்த பகுதியைத் தள்ளி, மற்றதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நிழலைத் தூக்கி, குருணையை வழித்துக் கொடுக்கிறது. பரிமாறின சாப்பாடு. உங்கள் கேமரா, அதுவும் ராவில், அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்திருக்கிறது. உலை நீங்கள்தான் வைக்க வேண்டும். அதனால் இப்போதைக்கு ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்துப் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கை வீட்டாருக்குக் காட்டுங்கள், ராவைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வருடம் கழித்துப் பதப்படுத்தத் தெரிந்த பிறகு எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டு, லென்ஸ். உங்கள் கிட் லென்ஸை 50 வரை இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால், 5.6ஐ 1.8ஆல் வகுத்து வருவதை அதாலேயே பெருக்குங்கள், கிட்டத்தட்ட பத்து. பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ 5000 தேவைப்பட்ட இடத்தில் 500 போதும். ஃபோனின் முதன்மை லென்ஸ்கள் பலவும் எஃப் 1.8 பக்கம்தான் இருக்கின்றன. சின்ன வீடு, பெரிய வாசல்.

ஆகவே என் சிபாரிசு, காசு சேர்ந்ததும் ஒரு 35 மிமீ எஃப் 1.8. உங்கள் சென்சாரில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 50 மிமீ பார்வையைக் கொடுக்கும். ஃப்ரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெசான் தன் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தது அந்த 50 மிமீ ஒன்றில்தான். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது ப்ரெசான் திருவண்ணாமலையில்தான் இருந்தார், அங்கே எடுத்த படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. ஜூம் இல்லை, காலால் நடந்து கிட்டே போக வேண்டியதுதான்.

இருட்டறை | ஜனவரி 8, காலை 5:35

கோவைக்காரர் சொன்னதில் கணக்கு சரி. வாங்கச் சொன்னதுதான் அவசரம்.

ராத்திரி டியூப்லைட்டில் ஏன் எடுக்கிறீர்கள் டீச்சர்? சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் ஒன்றைத் திறந்து, பையனை அதன் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மாம்பழ ஜூஸ் கொடுங்கள். ஜன்னல் அவனுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அதே கிட் லென்ஸ்தான். வந்து சொல்லுங்கள்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் முதல் நாள் கையில் கொடுத்தது ஆக்ஃபா க்ளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். “பன்னிரண்டையும் அந்த வாழைத்தாரை மட்டும் எடுத்துட்டு வா” என்றார். எதிர்ப் பழக்கடை வாசலில் தொங்கிய மட்டித் தார். காலை ஆறு மணிக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, அப்படி மாலை ஐந்து வரை பன்னிரண்டு. தண்டனை என்றுதான் நினைத்தேன். கழுவிப் பார்த்தால் ஏழு மணிப் படத்தில் ஒவ்வொரு பழமும் உருண்டு திரண்டு இருக்கிறது, பன்னிரண்டு மணிப் படத்தில் மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் பழமே இல்லை. நாலு மணிப் படத்தில் மறுபடி உருண்டை. ஐந்து மணிப் படத்தில் முக்கால் தார் வியாபாரம் ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.

உங்களுக்கு ரோல் செலவு கிடையாது. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். இந்த மாதம் முழுக்க அதுதான்.

காலாண்டு_லீவு | ஜனவரி 8, பகல் 1:12

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். டீச்சர் ‘தோல் உறை’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் கடையில் அப்படி ஒன்று கொடுத்தார்கள். அதற்குள்ளேயே வைத்துப் பீரோவில் பூட்டலாமா? தூத்துக்குடி, கடல் பக்கத்து வீடு.

இருட்டறை | ஜனவரி 8, பகல் 2:30

வேண்டவே வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சிலந்தி வலை மாதிரி கண்ணாடியில் படரும். என்னிடம் இருந்த நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒன்று ஒரே ஐப்பசி-கார்த்திகையில் அப்படிப் போனது. பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் பெட்டியில் பூட்டி வைத்த புத்திசாலித்தனம்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ரப்பர் ஓரம் உள்ளது. உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறிவிட்டால் வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் ஈரம் போய்ப் பழைய நிறம் திரும்பும், அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டு, 40க்கும் 50க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட நல்ல மருந்து, வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

காலாண்டு_லீவு | ஜனவரி 8, பகல் 2:41

அரிசி போட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னாரே ஐயா?

இருட்டறை | ஜனவரி 8, பகல் 2:44

பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிசித் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போனால் எடுக்க முடியாது.

பாளை_டீச்சர் | ஜனவரி 12, இரவு 9:55

ஜன்னல் படம் எடுத்தேன். ஐஎஸ்ஓ 640, 1/125. பையன் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறான், ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் நிழல். கண்ணுக்குள் ஜன்னல் கம்பி தெரிகிறது! கம்பியை எண்ண முடிகிறது, ஆறு. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள் ஐயா. எங்கள் பள்ளிக்கு எதிரே ஒரு டீக்கடை. மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அதுதான். ஆனால் கடை வாசலில் கேமராவோடு நிற்கக் கூச்சமாக இருக்கிறது. குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

மேனுவல்_மன்னன் | ஜனவரி 12, இரவு 10:20

டீ ஆற்றுவது நல்ல தேர்வு அக்கா. ஷட்டர் என்றால் என்ன என்று அதுவே சொல்லிக்கொடுத்துவிடும். இரண்டு விதமாக எடுங்கள். காலை வெயில் கடைக்குள் விழும்போது எஃப் 5.6, 1/1000, ஐஎஸ்ஓ 400. டீ மணி மணியாக அறுந்து தொங்கும். அப்புறம் அதே இடத்தில் எஃப் 16, 1/30, ஐஎஸ்ஓ 100. பட்டு நாடா மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு படமும் ஒரே வெளுப்பாகத்தான் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷட்டரை மெதுவாக்கி ஐந்து படி கூட்டின வெளிச்சத்தை அப்பர்ச்சரில் மூன்று, ஐஎஸ்ஓவில் இரண்டு என்று திருப்பி எடுத்திருக்கிறோம்.

(மேனுவலில்தான் இதைச் செய்ய முடியும் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.)

இருட்டறை | ஜனவரி 13, காலை 5:40

தம்பி சொன்னது அருமை. இந்த இடத்தில் மேனுவல்தான் சரி. வெளிச்சம் மாறவில்லை, ஆள் நகரவில்லை, செய்வதையே திரும்பத் திரும்பச் செய்கிறார். ஒரு தடவை வைத்துவிட்டால் நூறு படம் எடுக்கலாம்.

எங்கே நிற்பது என்பதைச் சொல்கிறேன். கடை எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியவில்லை. வெயில் மாஸ்டருக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருந்து வர வேண்டும், அவருக்குப் பின்னால் இருட்டான சுவர் வேண்டும். ஆவி தனியாகத் தெரியாது. பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு, அதன் பின்னே கறுப்பு இருந்தால்தான் ஆவி தெரியும். நேராக முன்னால் நின்று வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்தால் டீ இருக்கும், ஆவி இருக்காது.

கூச்சத்துக்கு மருந்து, முதல் இரண்டு நாள் கேமராவை மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிப்பது. மூன்றாம் நாள் அவரே “என்ன டீச்சர், படம் பிடிக்கலியா?” என்று கேட்பார். கேட்காமல் யார் முகத்துக்கும் நேரே தூக்காதீர்கள். எடுத்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

பறவைக்கிறுக்கன் | ஜனவரி 16, மாலை 6:25

பொங்கல் லீவில் இப்போதுதான் இழையைப் படித்தேன். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்துகொண்டு கூந்தன்குளம் பற்றி யாரும் சொல்லவில்லையே!

டீச்சர், பறவை என்றாலே பெரிய லென்ஸ் வேண்டும் என்பார்கள். வேடந்தாங்கலில் அது உண்மை. கரையில் நின்றால் பறவைகள் ஏரி நடுவே மரங்களில் இருக்கும், 50 மிமீயில் எடுத்தால் மரத்தில் யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரிதான் வரும். கூந்தன்குளம் வேறு. நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கிராமம். ஊருக்குள், தெருவோரத்து மரங்களில், வீட்டுக் கொல்லையில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். குளத்துப் பக்கம் போனால் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகூடச் சில வருடம் கண்ணில் படும். கிட் லென்ஸில் கூடும் மரமும் வீடும் சேர்ந்த படம் எடுக்கலாம். என்னைக் கேட்டால் கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற குளோசப்பை விட அதுதான் அந்த ஊரின் படம்.

குச்சி தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிற நாரைக்கு 1/1600க்குக் குறையாமல் வையுங்கள். தொடர்ந்து எடுக்கும் மோடு, ஃபோகஸ் தொடர் ஃபோகஸ். கூட்டுக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் வெயில் முட்டைமேல் விழும்.

மேனுவல்_மன்னன் | ஜனவரி 16, இரவு 7:10

மேனுவல் ஃபோகஸில்...

பறவைக்கிறுக்கன் | ஜனவரி 16, இரவு 7:12

வேண்டாம் தம்பி.

பாளை_டீச்சர் | ஜனவரி 19, இரவு 8:45

கூந்தன்குளம் போய் வந்தோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, புளியோதரை கட்டி, பையனைத் தூக்கத்திலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வேம்பின் உச்சியில் ஒரு நாரை, வாயில் தன்னை விட நீளமான குச்சி. எழுந்து வந்த சூரியன் இறக்கையின் வழியாகத் தெரிகிறது. கேமராவைத் தூக்கினேன், அழுத்தினேன். ‘கார்டு இல்லை’ என்றது.

முந்தின ராத்திரி படங்களை லேப்டாப்பில் ஏற்றினேன். கார்டு அங்கேயே இருந்துவிட்டது. என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்தார். ஃபோனில் எடுத்த நாரை இணைப்பில் இருக்கிறது. எது நாரை என்று சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்.

கோவை_35எம்எம் | ஜனவரி 19, இரவு 9:02

சிரிக்கவில்லை டீச்சர். நான் ஒரு முகூர்த்தத்துக்கு லென்ஸ் மூடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று பெருமையாகப் போனேன், பேட்டரியும் வீட்டில் சார்ஜரில் இருந்தது. மெனுவில் ‘கார்டு இல்லாமல் ஷட்டரைத் திற’ என்று ஒரு வசதி பல கேமராக்களில் இருக்கும். அதை அணைத்தே வையுங்கள். உங்களுக்கு அணைந்திருந்ததால்தான் அங்கேயே தெரிந்தது. இல்லையென்றால் முந்நூறு படம் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்திருக்கும்.

இன்னொரு கார்டு வாங்கிப் பர்ஸிலேயே போட்டுவிடுங்கள். 35 மிமீக்கு முன்னால் அதுதான்.

காலாண்டு_லீவு | ஜனவரி 20, காலை 11:30

கோயிலுக்குள் படம் எடுக்கலாமா? நெல்லையப்பர் கோயில் மண்டபத்தில் இசைத் தூண்களை எடுக்க ஆசை.

பறவைக்கிறுக்கன் | ஜனவரி 20, பகல் 12:05

கேட்காமல் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயில் அலுவலகத்தில் கேட்டு, அனுமதி உண்டென்றால் மட்டும். வெளிப்பக்கம் எடுக்க ஆசை என்றால் குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் கோயில். விடியலில் கரையில் நின்று எடுத்தால் மண்டபமும் தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்து கிடைக்கும். கரும்பாறை, ஒரு படி குறைக்க மறக்காதீர்கள்.

பாளை_டீச்சர் | பிப்ரவரி 2, இரவு 9:30

டீக்கடை அறிக்கை. பதினோரு நாள், 840 படம்.

ஐயா சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் மாஸ்டரே கேட்டார். கல்லாப்பெட்டிப் பக்கம் நின்றேன். வெயில் வலப்பக்கமிருந்து வருகிறது, அவருக்குப் பின்னால் புகை ஏறின கறுத்த சுவர். முதல் நாள் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தேன், பழக்கதோஷம். கறுத்த சுவர் பழுப்பாகி, கண்ணாடித் தம்ளர் வெள்ளையாக எரிந்துவிட்டது. அங்கேயே எனக்கு எருமை ஞாபகம் வந்தது. ஒரு படி குறைத்தேன். சுவர் போய்விட்டது, ஆவி வந்துவிட்டது.

1/1000இல் டீ ஒரே ஒழுக்கு இல்லை என்று பார்த்து ஆச்சரியப்பட்டேன். மேலே தகடு மாதிரி அகலம், நடுவில் முறுக்கிக்கொள்கிறது, கீழே போகப் போக முத்து. கடைசி முத்து தம்ளரில் விழுவதற்கு முன்னால் அதன்மேல் குட்டியாக ஜன்னல் தெரிகிறது. பன்னிரண்டு வருடமாகப் பார்த்ததில் இதைப் பார்த்ததே இல்லை. 1/30 படங்களில் பாதி என் கை நடுங்கி வீண். மாஸ்டர் கை நடுங்கவில்லை, அது வேறு வருத்தம். கல்லாப்பெட்டியில் முழங்கையை ஊன்றி எடுத்தவை மட்டும் தேறின.

840இல் எனக்குப் பிடித்தது மூன்று. அதில் ஒன்றை நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டேன், இன்று காலை கொடுத்தேன்.

இருட்டறை | பிப்ரவரி 3, காலை 5:30

840க்கு மூன்று நல்ல கணக்கு. எனக்குப் பன்னிரண்டு வாழைத்தாரில் ஒன்றுதான் தேறியது. மாஸ்டர் என்ன சொன்னார்?

பாளை_டீச்சர் | பிப்ரவரி 3, மாலை 5:15

ரொம்ப நேரம் பார்த்தார் ஐயா. ஆவி, முத்து, வெளிச்சம் எதையும் கண்டுகொள்ளவில்லை. “டீச்சர், கண்ணு மூடியிருக்கே” என்றார். உண்மைதான், ஆற்றும்போது தம்ளரைப் பார்க்கிறார், இமை தாழ்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நேராக நிற்பாராம். ஆற்ற மாட்டாராம்.

கோவை_35எம்எம் | பிப்ரவரி 3, மாலை 5:40

அவர் கேட்கிற மாதிரியே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டையா?

பாளை_டீச்சர் | பிப்ரவரி 3, மாலை 5:48

வெள்ளைதான். ப்ளஸ் ஒன்று.

பறவைக்கிறுக்கன் | பிப்ரவரி 3, மாலை 5:50

கார்டு?

பாளை_டீச்சர் | பிப்ரவரி 3, மாலை 5:51

இப்போதே போட்டுவிட்டேன்.